சூசி: மலிவாக, பக்கத்தில்

சென்னை பாடியில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு சாப்பாட்டு அறை இருந்தது. எட்டு மேஜை, மின்விசிறி, கை கழுவக் குழாய் எல்லாம் உண்டு. நான் சாப்பிட்டது சைக்கிள் ஸ்டாண்டில். சேர்ந்த முதல் வாரம் அந்த அறையில் என் டப்பாவைத் திறந்தேன். பழைய சோறு, சுட்ட கருவாடு. மேனேஜர் வாசலில் நின்று மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, "இது யாருது?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும்தான். மறுநாளிலிருந்து சைக்கிள்களோடு சாப்பிட்டேன். சைக்கிள்கள் எதுவும் கேட்பதில்லை. ஆனால் சொல்லாமல் விட்ட அந்தப் பதில் மூன்று வருஷமாக என் தொண்டையிலேயே நின்றது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து என் சோற்றை நான் சாப்பிட வேண்டும். பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புது மெஷின் வந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஒரு ஜப்பான்காரரும் வந்தார். மெஷின் நாளுக்கு நாள் உருவானது, அவர் நாளுக்கு நாள் கரைந்தார். சாம்பாரைப் பார்த்துத் தலை வணங்குவார், அப்படியே வைத்துவிடுவார். இரண்டு வாரத்தில் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். ஆள் பாதியில் கிளம்பிவிட்டால் மெஷினைத் தொடக்கூட இங்கே யாருக்கும் தெரியாது. மேனேஜருக்கு அதுதான் கவலை. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு 'சுஷி' என்றாராம். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நான் டைப்பிஸ்ட். டைப் அடிக்காத வேலை எல்லாம் எனக்குத்தான் வரும்.

"மலிவா இருக்கணும், பக்கத்துலயும் இருக்கணும்," என்றார். அது என்ன பண்டம் என்று அவருக்கும் தெரியாது.

நான் கேன்டீன் மாஸ்டருக்கு ஒரு துண்டுச் சீட்டில் 'சூசி' என்று எழுதி அனுப்பினேன். மாஸ்டர் ஆவடியில் ராணுவ மெஸ்ஸில் இருந்தவர், இந்தி தெரிந்தவர். சூஜி என்றால் அவருக்கு ரவை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், அதற்கு நான் என்ன செய்வது? முதல் நாள் உப்புமா போனது. இரண்டாம் நாள் கேசரி. மூன்றாம் நாள் ரவா இட்லி. நான்காம் நாள் மறுபடி உப்புமா, விருந்தாளி என்பதால் இந்த முறை முந்திரியோடு. ஜப்பான்காரர் ஒவ்வொன்றுக்கும் இடுப்பு வரை குனிந்தார். ரொம்பப் பிடித்துவிட்டது என்று மாஸ்டர் சொன்னார்.

ஐந்தாம் நாள் அவர் ஒரு தாளில் படம் வரைந்து என்னிடம் நீட்டினார். செங்கல் மாதிரி ஒரு கட்டிச் சோறு. அதன் மேல் ஒரு மீன் படுத்திருந்தது. பக்கத்தில் ஓர் அடுப்பு, அதன் மேல் பெருக்கல் குறி. சோற்றைத் தொட்டுக் காட்டி, புளியங்காயைக் கடித்தவர் போல முகத்தைச் சுளித்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான் சேக்காட்டுக்காரி. வேலை முடிந்து கொரட்டூரில்தான் ரயில் ஏறுவேன். ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு மீன்கார அம்மா உட்கார்ந்திருப்பார். பச்சையாகத் தின்பதற்கு எந்த மீன் நல்லது என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊட்ல யாருக்குனா ஈளை கீதா?"

பச்சை மீனை விழுங்குவது என்றால் இந்தப் பக்கத்தில் ஆஸ்துமாவுக்குத்தான். இல்லை, ஒரு ஜப்பான்காரருக்கு என்றேன். பாவம், அத்தனை தூரம் வந்தவனுக்கா ஈளை என்று வருத்தப்பட்டார். நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னதும் கூடையை இழுத்து மூடினார். நாளைக்கு அந்த ஆளுக்கு ஏதாவது ஆனால் எல்லோரும் தன் கூடையைத்தான் கை காட்டுவார்களாம். பிறகு மனம் இரங்கி, பின்னாலிருந்த சாக்கைப் பிரித்தார்.

"அடுப்பையே பாக்காத மீனு வோணும்னா இதான்மா. வெயில மட்டுந்தான் பாத்துகீது."

வஞ்சிரக் கருவாடு. சட்டப்படி அவர் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. வாங்கிக்கொண்டேன். இரவெல்லாம் கழுநீரில் ஊறப்போட்டேன். காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா அதைக் கரியடுப்பில் வாட்டியிருந்தாள். பச்சையாகக் கொடுத்து ஓர் ஆளைக் கொல்லப் பார்க்கிறாயா என்று என்னையே திட்டினாள். அன்று ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் கிடைத்தது.

மாஸ்டர் பச்சரிசியைக் குழைய வேகவைத்து, எலுமிச்சை பிழிந்து, தீப்பெட்டி அளவுக்கு ஆறு கட்டி பிடித்துக் கொடுத்தார். மீனை மட்டும் தொட மாட்டேன் என்றார், கேன்டீன் சைவம். மேலே வைத்தது நான். தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தேன். எனக்கு முன்னால் வாசனை நுழைந்தது. எட்டு மேஜையும் திரும்பின. மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார். இன்றைக்கு 'யாருது' என்று கேட்டால் ஓடி ஒளிய வழியில்லை. தட்டை ஜப்பான்காரர் முன்னால் வைத்தேன்.

ஜப்பான்காரர் ஒன்றை எடுத்து வாயில் போட்டு வெகுநேரம் மென்றார். கண்ணில் நீர் கட்டியது. உப்பாகவும் இருக்கலாம், நான் கேட்கவில்லை. ஆறையும் முடித்தார். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

"நாட் சுஷி," என்றார்.

அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"டுமாரோ ஆல்சோ."

மேனேஜர் காதில் இரண்டாவதுதான் விழுந்தது. கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். ஜப்பானில் பெரிய மனிதர்கள் சாப்பிடுவது இதுதான் என்று பக்கத்து மேஜைக்கு விளக்கினார். மெஷின் ஓடும் வரை தினமும் தட்டு போனது. வெளியிலிருந்து வருகிறவர்களிடம் அவரே மூக்கை உயர்த்தி, "சுஷி. ஒரு தனி மணம், கவனிச்சீங்களா?" என்பார். என் அம்மா சுட்ட கருவாட்டுக்கு அந்த அறையில் கிடைத்த முதல் மரியாதை அது. எனக்கு அழுகை வருகிற அளவுக்குக் கோபம் வந்தது.

ஜப்பான்காரர் எல்லோருக்கும் குனிந்து வணங்கிவிட்டு ஊருக்குப் போனார். மறுநாள் மத்தியானம் நான் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. சாப்பாட்டு அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். பழைய சோறு, சுட்ட கருவாடு. மேனேஜர் வாசலில் நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

"அட, சுஷி இன்னும் மிச்சம் இருக்கா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். ஆயுசுக்கும் அங்கேயே உட்கார்ந்து சுஷி சாப்பிட்டிருக்கலாம்.

"இல்ல சார், கருவாடு," என்றேன். "என்னுது. அன்னிக்கு நீங்க கேட்டீங்களே, அதுவும் என்னுதுதான்."

அவர் கை பைக்குப் போனது. பாதியில் நின்றது. கை கழுவ வந்தவர் போலக் குழாய்ப் பக்கம் போனார். நான் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.