ஒரு வரி எழுத மறுத்த நடிகர்

போன வியாழக்கிழமை அபுதாபி ஏர்போர்ட்டில் ஜெசிந்தாவை வழியனுப்பிவிட்டு வந்தேன். லீவில் போகவில்லை. வேலை போய்விட்டது, விசாவும் கேன்சல்.

என் மனைவி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், அதே வார்டில் ஆறு வருடம் டியூட்டி பார்த்த நர்ஸ் அவள். குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர். வீட்டில் சம்பாதிக்கிற ஒரே ஆள்.

இதில் என் பங்கும் இருக்கிறது. அதனால் இந்த வாரம் தமாஷ் எதுவும் வரவில்லை... பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு மாதத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் ஒரு பிரெஞ்சு நடிகரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேனே, ஞாபகம் இருக்கிறதா? துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்கியவரின் மகன். நாடகக் கம்பெனியில் திரை இழுக்கும் வேலையில் ஆரம்பித்தவர். பாதிரியார், பிக்பாக்கெட், ஊமை, மன்னர், மனைவியைக் கொன்ற தபால்காரர் — நாற்பது வருடத்தில் அவர் போடாத வேஷமில்லை. வேஷத்துக்கு வேஷம் நடையே மாறும். சாதாரண ஜனங்களின் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக் கற்றுக்கொள்வார் என்றெல்லாம் உருகிவிட்டு, 'பெரிய மனுஷன்' என்று முடித்திருந்தேன். எனக்கெப்படித் தெரியும்? டிவிடியில் பார்த்ததுதான்!

அந்தப் பெரிய மனுஷன் பாலைவன ஷூட்டிங்குக்கு இங்கே வந்தார். வெயிலில் சுருண்டு விழுந்து, ஜெசிந்தாவின் வார்டில் மூன்று நாள் டிரிப்ஸ். என் பத்தியில் வந்த போட்டோவை வைத்து அவரை அடையாளம் கண்டுகொண்டவள் அவள்தான்.

அடுத்த படத்தில் அவருக்கு ஆண் நர்ஸ் வேஷமாம். எப்படிக் குனிகிறாள், ஊசி போடுமுன் விரல் எப்படி நரம்பைத் தேடுகிறது என்று மூன்று நாளும் அவளைக் கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறார். கிளம்புகிற அன்று, தன் கையை அவளைப் பிடிக்கச் சொல்லி, போட்டோ எடுக்கும்படி மொபைலைத் தன் மேனேஜரிடம் நீட்டினார். நோயாளியோடு நர்ஸ் போட்டோ எடுக்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. அவள் தயங்கினாள். அவர் விடவில்லை.

மேனேஜர் அதை ஒரு பேப்பருக்குக் கொடுத்துவிட்டார். நர்ஸிடம் பாடம் கற்கும் மாபெரும் கலைஞன்... ஆஹா, என்ன எளிமை! பாராட்டு அவருக்கு, மெமோ அவளுக்கு.

நானாகக் கேட்டுத்தான் எடுத்தேன் என்று நோயாளி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறோம் என்றது நிர்வாகம். ஒரே ஒரு வரி! நான் நடிகருக்கு மெயில் மேல் மெயில் போட்டேன். மூன்றாவதற்கு மேனேஜரின் பதில் வந்தது. விஷயத்தை அவரிடம் சொன்னார்களாம்; ஆஸ்பத்திரியின் உள்விவகாரத்தில் தலையிட அவர் விரும்பவில்லையாம்.

உள்விவகாரமா? கையைப் பிடிக்கச் சொன்னது யார் ஐயா? நாற்பது வருடம் அடுத்தவர் எழுதிய வசனத்தைப் பக்கம் பக்கமாகப் பேசியவருக்குச் சொந்தமாக ஒரு வரி எழுதக் கை வரவில்லை.

ஏர்போர்ட்டில் ஜெசிந்தா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அவிய கேட்டப்ப மாட்டேன்னு சொல்ல மனசு வரல அண்ணே," என்றாள். "பெரிய மனுசன்னு நீங்கதான எழுதியிருந்திய."



அவர் நடிப்பைப் பற்றி எழுதியது அப்படியே இருக்கட்டும். மனுஷனைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். என்னோடு சண்டைக்கு வர நினைக்கும் ரசிகர்கள், ஜெசிந்தாவுக்கு ஒரு வேலையோடு வரவும்.