காதுக்கு உத்தரவு

விரலில் கத்தி பட்டால் எல்லோரும் துணியைத் தேடி ஓடுவார்கள். நான் நின்று வேடிக்கை பார்ப்பேன். நேற்று வெங்காயம் நறுக்கும்போதும் அப்படித்தான். "கையைக் கட்டும்மா!" என்று மகள் கத்தினாள். எனக்கோ என் மாமாவின் ஞாபகம் வந்து சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

எண்பதுகளில், நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று ஜவ்வாது மலையிலிருந்து இறக்கி நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மாமன் மடியில் உட்காரவைத்து எனக்கு மொட்டையடித்துக் காது குத்துவது, சாமை விளைச்சல் பொய்த்ததில் தள்ளிப்போயிருந்தது. விருந்துக்கென்று அம்மாவின் தம்பியான இந்த மாமா ஒரு கெடாக்குட்டியும் வளர்த்துவந்தார். மருந்து ஏறி என் முடி கொட்டியபோது அம்மா அழுதாள். மாமா என் தலையைத் தடவிப் பார்த்தார். "இன்னாத்துக்கு அழுவுற? மொட்டைய சாமியே எடுத்துக்கிச்சு. காது மட்டும்தான் பாக்கி" என்று, ஒடுகத்தூரில் வாங்கிய தோட்டை மடியிலிருந்து எடுத்தார்.

டாக்டரம்மா தடுத்துவிட்டார். "இந்த மருந்து, ரத்தத்தை உறையவைக்கிற புரதங்களையும் குறைச்சிடுதுங்க. இப்போ குத்தினா ரத்தம் லேசுல நிக்காது. உறையக் கூடாத இடத்துல உறைஞ்சும் தொலைக்கும். மருந்தை நிறுத்தினா எல்லாம் பழையபடி ஆயிடும், பொறுங்க."

மாமா தோட்டில் நூலைக் கட்டி என் காதில் தொங்கவிட்டார். வார்டே சிரித்தது, நான் ராணியாகத் திரிந்தேன். ஆனால் ஒருநாள் என் மூக்கில் வழிந்த ரத்தம் லேசில் நிற்கவில்லை. பிளாஸ்மா ஏற்றித்தான் நின்றது. வராந்தாவில் குந்தி மாமா தேம்பித் தேம்பி அழுதாராம். அதன்பின் மலையிறங்கி வரும்போதெல்லாம் அவருக்கு ஒரே கேள்விதான்: "இன்னா டாக்டரம்மா, காதுக்கு உத்தரவு ஆச்சா?" இதற்குள் கெடா கொழுத்து, ஊரில் ஒருவர் விடாமல் முட்டத் தொடங்கியிருந்தது.

மருந்தெல்லாம் முடிந்து, முடியும் வளர்ந்த பிறகு உத்தரவு வந்தது. மறுபடி மொட்டை வேண்டாம் என்று மாமா சாமியிடமே கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒருவாட்டி எடுத்துக்கின இல்ல, போதும்." அவர் மடியில் என்னை உட்காரவைத்து ஆசாரி காதில் குத்தினார். ஒரு சொட்டு ரத்தம் துளிர்த்தது. எல்லோரும் என் அழுகையைப் பார்க்க, மாமா மூச்சுவிடாமல் அந்தச் சொட்டையே பார்த்தார். அது பெருகவில்லை. அங்கேயே தடித்துக் கருத்தது.

"நின்னுடுச்சு! ஏ, நின்னுடுச்சுடா!" என்று என்னைத் தூக்கிக்கொண்டு குதித்தார். இன்னொரு காது பாக்கி என்பது வெகுநேரம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நேற்றும் என் விரலில் ரத்தம் தடித்தது. "நின்னுடுச்சு!" என்றேன். துணியோடு ஓடிவந்த மகள் முறைத்தாள்.

"இதுக்கா இவ்ளோ சந்தோஷம்?"

"ஆமாண்டி, இதுக்குத்தான்."