பங்கு வயலுக்குத் தண்ணீர்

யதுர்ஷிகா தர்மபுரத்துப் பிள்ளை. கிளிநொச்சியில் ஒரு சின்னக் கொம்பனியில் மென்பொருள் எழுதுகிறாள். குளத்துத் தண்ணீரை முறைவைத்து விடுவதற்கு அவள் செய்து கொடுத்த செயலி அன்று காலை செத்த மாடு மாதிரிக் கிடந்தது.

வயல் செய்கிற கமக்காரர் தன் பெயரைப் போட்டால், எந்த வயலுக்கு எப்போது முறை என்று போனுக்குச் செய்தி வரவேண்டும். அதைக் காட்டினால்தான் வாய்க்கால் பார்க்கிற செல்வநாயகம் மதகைத் திறப்பார். செய்தி ஒருவருக்கும் போகவில்லை. நெல் குடலைப் பருவம், கதிர் வெளிவரப் போகிற நேரம். இப்போது தண்ணீர் இல்லையென்றால் வருவது பதர்தான்.

"சேர்வரைப் பெருப்பிச்சு விடன்," என்றான் முதலாளி பிரதீபன்.

"பெருப்பிச்சாச்சு அண்ணை. அதுவும் மூச்சு வாங்குது."

பிழை எங்கே என்று அவளுக்குத் தெரியும். ஒரு வயலுக்கு ஒரு ஆள் என்று தரவுத்தளத்தை வகுத்திருந்தாள். மாரிமழையோடு செய்கிற பெரும்போகத்துக்கு அது சரி. கோடையில் குளத்தை நம்பிச் செய்கிற சிறுபோகத்தில் தண்ணீர் குறைவு. ஒரு பகுதி வயலை மட்டும் விதைக்க விட்டு, அதை எல்லாருக்கும் பங்கு பிரிப்பார்கள். ஒருவரின் வயலில் நாலு குடும்பம் இறங்கும். அவளுடைய அப்பா சிறுபோகப் பங்கை ஆருக்காவது விட்டுவிட்டு மேசன் வேலைக்குப் போகிறவர். வீட்டில் அந்தக் கதையே இல்லை. அவளுக்கும் நினைப்பு வரவில்லை. கடைசி நேரத்தில் கமக்காரர் சங்கம் அதைச் சொன்னபோது, ஒரு போகத்துக்குத்தானே என்று பங்குக்காரரின் பெயர்களையெல்லாம் சொந்தக்காரரின் பெயரோடு ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டாள். இப்போது ஒருவர் கேட்டாலும், கிளவுட்டில் இருக்கிற தரவுத்தளம் எல்லா வயலையும் திறந்து எல்லாப் பெயரையும் வாசித்துத்தான் ஆளைத் தேடுகிறது. ஊரே ஒரு காலையில் கேட்டால் அது என்ன செய்யும்?

போன் அடித்தது. பக்கத்து வீட்டு இராசமலர். புருசன் இல்லை, கடைசி வாய்க்காலில் அரை ஏக்கர் பங்குதான் அவளுக்கு எல்லாம்.

"பிள்ளை, என்ர பேரைப் போட்டால் வட்டம்தான் சுத்துது. செல்வநாயகம் அண்ணை மதகில கைவைக்க விடுறாரில்லை."

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா."

"நான் பொறுப்பன். நெல்லு பொறுக்குமே?"

பங்கைத் தனி அட்டவணையாக வகுத்தாள்: எந்த வயல், எந்தப் போகம், ஆர் செய்கிறார். பெயர்களைப் பிய்த்துப் பிய்த்து அங்கே ஏற்றினாள். முதல்தரம் பிழையாகிப் போனது. அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினாள். மத்தியானம் திரும்பின பிறகுதான் செய்திகள் மளமளவென்று போயின.

"பாத்தியே, பறக்குது!" என்று பிரதீபன் கைதட்டினான். அவள் இராசமலருக்கு எடுத்தாள்.

"செய்தி வந்திட்டுது பிள்ளை. மதகும் திறந்தாச்சு. தண்ணிதான் இல்லை. மேல் வயல்காரர் பாத்துக் களைச்சு, வாய்க்காலை வெட்டித் தங்கட வயலுக்குப் பாச்சிப் போட்டாங்கள்."

"நான் வாறன் அக்கா."

"வந்து? அழுது பாச்சப் போறியே?"

யதுர்ஷிகா செல்வநாயகத்துக்கு எடுத்தாள். "ஐயா, என்ர பிழை. அந்தக் கடைசி வாய்க்காலுக்கு மட்டும் இன்னொருக்கா விடுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்."

"கும்பிடாதை பிள்ளை," என்றார் அவர். "குளத்தில மிச்சத் தண்ணி கிடந்தால் எல்லோ விடுறதுக்கு."