கச்சான் காற்றில் இறக்கிய துணி

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். மட்டக்களப்பு வாவிக் கரையில் ஒரு வெளியைச் சுரண்டி, கிறவல் மண் போட்டு, விமானம் இறங்க நீளமாக ஒரு தரை அமைத்திருந்தார்கள் படைக்காரர்கள். அங்கே நான் ஆறு மாதம் வேலை செய்தேன். என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பீர்கள். காலையில் ஒரு துணியைக் கம்பத்தில் ஏற்ற வேண்டும், பொழுதுபட இறக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதற்கு முன் நான் தோணிக்காரன். சூரியன் படுகிற படுவான்கரையிலிருந்து நெல்லையும் சனத்தையும் ஏற்றி, எழுவான்கரையில் கொண்டுவந்து இறக்குவேன். எங்கள் துறை இருந்த இடத்தில் வாவி வளைந்து கிடக்கும். அதனால் ஆனி, ஆடியில் மேற்கே இருந்து கச்சான் காற்று கிளம்பினால் தோணியின் விலாவில்தான் அடிக்கும். நேரே துறையைப் பார்த்துத் தோணியை விட்டால் அரை மைல் தள்ளிப்போய்ச் சேற்றில் ஏறுவீர்கள். தோணியின் முன்பக்கத்தைக் காற்று வரும் பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். பார்க்கிறவனுக்கு எங்கோ போகிற மாதிரி இருக்கும். ஆனால் தோணி சரியாகத் துறைக்குத்தான் வரும். இதில் என்னை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

தரைக்கு இடம் எடுத்தபோது என் துறையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் கம்பிவேலி வந்தது. மறுநாள் தோணியை அவிழ்க்கக் கூடாது என்றார்கள். எனக்கு அப்போதே வாய் கொஞ்சம் நீளம். வேலிக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஓவசியர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கம்பத்தைக் காட்டினார்.

“வாய மூடிக்கிட்டு இந்த வேலையைச் செய். துணிக்கு மாத்துத் துணி இல்ல. கிழிஞ்சுதோ, நீ வீட்ட போகலாம்.”

அந்தத் துணி சட்டைக் கை மாதிரி இருக்கும். ஒரு பக்கம் அகன்ற வாய், மறு பக்கம் ஒடுக்கம். காற்றுப்பை என்பார்கள். காற்று புகுந்தால் உப்பிக்கொண்டு நிற்கும். அது எதற்கு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காற்றுத் திசை பார்க்கத்தான் என்று நானே ஊகித்துக்கொண்டு, வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். “காத்து எங்கால வருதெண்டு பாக்கத் துணி என்னத்துக்குப் புள்ள? இவனுகளுக்குக் காது மடல் இல்லையா?”

அந்தச் சிரிப்புக்கு வட்டியும் முதலுமாக வாங்கிக் கட்டினேன்.

ஆனி மாதம். மத்தியானச் சோறு தின்று எழும்புகிறேன், கச்சான் பிடித்துவிட்டது. சும்மா காற்றில்லை. வாவித் தண்ணீர் வெள்ளை வெள்ளையாக நுரைத்தது. கம்பத்தில் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு தையல் விடப்போவது கீழே நின்றே தெரிந்தது. தோணிக்காரன் கை சும்மா இருக்குமா? காற்று மிஞ்சினால் முதல் வேலையாகப் பாயை இறக்குவோம். பாய் கிழிந்தால் பிழைப்புக் கிழிந்த மாதிரி. யோசிக்கவே இல்லை. கயிற்றை அவிழ்த்துத் துணியை இறக்கினேன். பாய் சுருட்டுகிற மாதிரியே ஒழுங்காகச் சுருட்டி, கட்டி, என் கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைத்தேன். ஓவசியர் கண்டால் மெச்சுவார் என்றுகூட நினைத்தேன். மடையன்!

கொஞ்ச நேரத்தில் வடக்கே இருந்து சத்தம் கேட்டது. சின்ன விமானம், இரண்டு பேர் இருக்கக்கூடியது. தரையை நோக்கி இறங்கி வந்தது, இறங்காமல் மேலே கிளம்பியது. திரும்பவும் வந்தது. இந்த முறை என் கம்பத்துக்கு மேலாகவே தாழப் பறந்தது. ஓட்டுகிறவனின் தலை எனக்கு நன்றாகத் தெரிந்தது. கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கம்பத்தையே பார்த்தான். மொட்டைக் கம்பம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேலே கண்ணாடிக்குப் பின்னால், அத்தனை வேகத்தில் போகிறவனுக்குக் காது மடலில் என்ன காற்றுத் தெரியும்? எந்தக் காற்றுக்காக அந்தத் துணியைக் கட்டி வைத்தார்களோ, அந்தக் காற்று வந்த நேரம் பார்த்து நான் அதைச் சுருட்டி வைத்திருக்கிறேன். கொட்டிலுக்கு ஓடித் துணியை வெளியே இழுத்தேன். என் கையால் போட்ட முடிச்சு, எனக்கே அவிழ மறுத்தது.

நான் முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, விமானம் தரையை விட்டு வாவிப் பக்கம் போனது. தண்ணீருக்கு மேலே தாழ்ந்து ஒரு வட்டம் போட்டது. ஏன் என்று வேறு யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவன் தண்ணீரைப் பார்க்கிறான். அலை எந்தப் பக்கம் ஓடுகிறது, நுரை எப்படிக் கிடக்கிறது என்று, நான் துறையில் நின்று பார்ப்பேனே, அதே பார்வை.

பிறகு இறங்க வந்தான். தரைக்குக் குறுக்கே கச்சான். விமானத்தின் மூக்கோ தரையைப் பார்க்கவில்லை, காற்று வரும் பக்கம் திரும்பியிருந்தது. கிறவல் கொட்டிக்கொண்டிருந்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

“ஐயோ, பக்கவாட்டில வாறான்! குடிச்சிட்டான் போல!”

“குடிக்கல்ல! காத்துக்குப் பிடிக்கிறான்! நல்லாப் பிடிக்கிறான்!” என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்?

தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது காற்றுப் பக்கத்து இறக்கையைக் கொஞ்சம் கீழே பதித்தான். மூக்கு மெல்ல நேரானது. அந்தப் பக்கத்துச் சக்கரம் மட்டும் முதலில் தரையைத் தொட்டது. ஒற்றைக் காலில் ஓடினான். பிறகுதான் மற்றச் சக்கரம் இறங்கியது. நடுக்கோட்டில், நேராக! நான் கையைத் தட்டிவிட்டேன். தட்டிய கை கீழே வருவதற்குள், வேகம் குறைந்த நேரம் பார்த்து ஒரு பெருங்காற்று வாலைத் தள்ளியது. விமானம் சுழன்று தரைக்கு வெளியே போய்ச் சக்கரம் மணலில் புதைந்தது. இறக்கை நுனி நிலத்தில் உரசி வளைந்தது.

இரண்டு பேரும் உயிரோடு இறங்கினார்கள். நான் போட்ட சத்தத்தில் குலதெய்வத்துக்கே காது அடைத்திருக்கும்.

நான் திரும்பிப் பார்க்கிறேன், ஓவசியர் என் காலடியில் கிடந்த துணியை எடுத்து, முடிச்சைக் கத்தியால் அறுத்து, கம்பத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். தரைக்குப் பொறுப்பான பெரிய துரையின் ஜீப் வந்து சேரும்போது காற்றுப்பை உப்பிக்கொண்டு அழகாக நின்றது. ஓவசியர் என் காதுக்குள் சொன்னார்: “துணி மேலதான் இருந்தது. நாளைக்கு விசாரணை. கேட்டா அதைத்தான் சொல்லணும். இல்லாட்டி என்ர வேலையும் போகும், உன்ர வேலையும் போகும். வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனோட பாத்துக்கொள்ளட்டும். உனக்கென்ன?”

விமானம் ஓட்டியவன் கம்பத்தடிக்கு நடந்து வந்தான். மெலிந்த ஆள், முகமெல்லாம் வேர்வை. மேலே நின்ற துணியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன்.

அலுவலகக் கிளாக்கர் சொல்லித்தான் விஷயம் விளங்கியது. துணி அப்படி உப்பி நின்றதைப் பார்த்தும் அவன் இறங்கினான் என்றால் அது திமிர், திருகோணமலைப் பக்கம் போய் இறங்கியிருக்க வேண்டும் என்கிறாராம் பெரிய துரை. துணியே இல்லை என்கிறானாம் அவன். பொய் என்று முடிவானால் இனி விமானத்தைத் தொட விடமாட்டார்களாம்.

அன்று பொழுதுபட வீட்டில் எல்லாவற்றையும் மனைவியிடம் கொட்டினேன். என் துறையைப் பிடுங்கியவர்கள்தானே, அவர்களில் ஒருவன் கெட்டால் எனக்கென்ன என்றும் சொல்லிப் பார்த்தேன். அவள் நெல்லைக் கொழித்துக்கொண்டே கேட்டாள்.

“அவர்தான் உங்கட துறைய எடுத்தவரா?”

“இல்ல.”

“அவர் நல்லா ஓட்டினவரா?”

“என்னைப் போல ஓட்டினான்.”

“அப்ப என்ன? வேல இல்லாத மனிசனோட இரிக்க எனக்கு ஏலும். கள்ளச்சாட்சி சொல்லிட்டு வந்து மூஞ்சிய நீட்டிட்டு இரிக்கிற மனிசனோட ஏலாது.”

சாப்பிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை தகரக் கொட்டிலில் விசாரணை. பெரிய துரை மேசைக்குப் பின்னால். ஓட்டியவன் ஒரு மூலையில் நின்றான். ஓவசியர் முதலில் போய், துணி மேலேதான் இருந்தது என்று கண் சிமிட்டாமல் சொன்னார். அடுத்து நான்.

“காற்றுப்பை மேல இருந்ததா எண்டு துரை கேக்கிறார்,” என்றார் கிளாக்கர்.

“இல்ல. நான்தான் இறக்கினன்.”

கிளாக்கர் ஓவசியரைப் பார்த்தார். பிறகு துரையிடம் இங்கிலீசில் என்னவோ நீளமாகச் சொன்னார். ‘இல்லை’ என்று சொல்ல இவ்வளவு நேரமா? எனக்குக் கோபம் வந்துவிட்டது. சொல்லுங்கள், யாருக்குத்தான் வராது? எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீசு வார்த்தையை எடுத்துவிட்டேன்.

“நோ! நோ துணி!”

கயிற்றை இழுக்கிற மாதிரி இழுத்தேன், சுருட்டுகிற மாதிரி சுருட்டினேன், என் நெஞ்சில் கையால் அடித்தேன். போதாததற்கு, ஓவசியர் கத்தியால் அறுத்தாரே, அந்த முடிச்சுக் கயிற்றைப் பொறுக்கி மடியில் செருகி வைத்திருந்தேன். அதை எடுத்து மேசையில் போட்டேன். ஓவசியர் முகம் செத்துப்போனது.

ஏன் இறக்கினாய் என்று கேட்டார்கள். காற்று மிஞ்சினால் பாயை இறக்குவதுதான் தோணிக்காரன் முறை, அந்தத் துணியின் வேலை என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கேட்காதது என் பிழை, சொல்லாதது உங்கள் பிழை என்றேன். கிளாக்கர் கடைசி மூன்று வார்த்தையையும் விழுங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அதோடு விட்டாரா துரை? துணி இல்லாவிட்டாலும் ஓட்டியவன் கவனமில்லாமல்தான் விமானத்தை இறக்கியிருக்கிறான் என்றாராம். எனக்குப் பொறுக்கவில்லை. “வரச் சொல்லுங்க” என்று வெளியே நடந்தேன். என்ன நினைத்தாரோ, துரையும் பின்னால் வந்தார். தரையில் யாரும் மிதிக்காமல் கயிறு கட்டியிருந்தது. கிறவலில் சக்கரத் தடம் அப்படியே கிடந்தது. காற்றுப் பக்கத்துத் தடம் முதலில் தொடங்குகிறது. பத்துப் பதினைந்து அடி தள்ளி மற்றத் தடம். இரண்டும் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகின்றன. நான் குந்தியிருந்து இரண்டையும் தொட்டுக் காட்டினேன்.

“கவனமில்லாதவன்ட தடமா இது? இந்தக் கச்சானுக்குள்ள துரையை ஒருக்கா இறக்கிக் காட்டச் சொல்லுங்க, பாப்பம்!”

“இதை நான் சொல்ல மாட்டன்,” என்றார் கிளாக்கர். சொல்லத் தேவையும் இருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே துரைக்கு விளங்கியிருக்கும். அவர் குனிந்து தடத்தைப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் ஓட்டியவர்தானாம். திரும்பிப் போய் ஓட்டியவனிடம் என்னவோ சொன்னார். அவன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான்.

அவன் தப்பினான். எனக்கு வேலை போனது. ஓவசியருக்குப் பேச்சு விழுந்தது, வேலை இருந்தது. அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் அங்கே அவன் நிற்கிறான். அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. நான் தோணிக்காரன் என்று கிளாக்கர் சொல்லியிருக்க வேண்டும். கையை விரித்து, ஒரு பக்கம் பதித்து, சரித்துக் கொண்டுவந்து மற்றக் கையில் இறக்கிக் காட்டினான். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, என் கையைத் தோணியாக்கிக் காற்றுக்குத் திருப்பிப் பிடித்துத் துறையில் சேர்த்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கம்பம் மொட்டையாக நின்றதை நினைத்து, அதைக் காட்டி, என் காதைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவனுக்கு விளங்கியதோ என்னவோ, கையை நீட்டினான். துரைமாரைக் கண்டால் கும்பிட வேண்டும் என்பார்கள். நான் கும்பிடவில்லை. கையை நீட்டிப் பிடித்தேன்.

பிறகு களுவாஞ்சிக்குடிப் பக்கம் போய்த் திரும்பவும் தோணி பிடித்தேன். கச்சான் காலத்தில் விமானம் தலைக்கு மேலே போனால் நின்று பார்ப்பேன். ஏறியிருக்கிற சனம் ஏசும். ஏசட்டும்.

இப்போது எனக்கு வயது போய்விட்டது. வேலை போனதற்காக நான் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. திரும்பவும் அந்தக் கொட்டிலில் நிறுத்திக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், இன்னும் சத்தமாகச் சொல்வேன். என்னை இன்றைக்கும் சுடுவது வேறொன்று: இரண்டு உயிர்கள் மேலே காற்றோடு மல்லுக்கட்டி அந்தக் கம்பத்தைத் தேடித் தேடிச் சுற்றியபோது, அந்தத் துணி என் கொட்டிலுக்குள் ஒரு கிழிசலும் இல்லாமல் மிகவும் பத்திரமாக இருந்தது.