ஈரக் கைக்கு எடுக்காத போன்

மீன் விற்கிறவளுக்குக் கை காய்ந்திருக்கிற நேரம் ரொம்பக் குறைவு. ஏலத்தில் மீனை அள்ளுவதில் ஆரம்பித்து, ஐஸ் போட்டு, கழுவி, செதில் உரசி, வெட்டிக் கொடுத்து முடிக்கிறவரை ஈரம்தான். இந்தப் பெரிய போனைச் செய்கிறவர்கள் வீட்டிலெல்லாம் மீனை யாரோ கழுவிக் கொடுத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. இல்லையென்றால் ஒருத்தனுக்காவது யோசனை வந்திருக்கும்.

முன்பு என்னிடம் இருந்தது பட்டன் போன். ரவிக்கைக்குள் செருகினால் இருக்கிற இடமே தெரியாது. மணி அடித்தால் புடவைக்கு மேலேயே தடவி, பச்சைப் பட்டனை அமுக்கிவிட்டு, வெட்டுகிற மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஆங், சொல்லு" என்பேன். அதன்மேல் நண்டுத் தண்ணீர் கொட்டியிருக்கிறது. ஒரு தடவை ஐஸ் பெட்டிக்குள்ளேயே விழுந்து கிடந்தது. ஒன்றும் ஆகவில்லை.

சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற என் மகனுக்குத்தான் அது மானக்கேடாக இருந்தது.

"இன்னாம்மா, இன்னும் இத்த வச்சிகினு கீற? ஸ்கேன் பண்ணி துட்டு போட முடியலன்னா எவன் உங்கிட்ட மீன் வாங்குவான்?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முறம் மாதிரி ஒரு போனை வாங்கி வந்து கையில் கொடுத்தான். நான் பத்தாவது வரை படித்தவள், போனைக் கண்டு மிரளுகிற ஆள் இல்லை. ஆனால் அதை எங்கே வைப்பது? ரவிக்கைக்குள் போகவில்லை. இடுப்பில் செருகினால் குனியும்போதெல்லாம் வயிற்றில் குத்தியது. கடைசியில் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அட்டை மாட்டிக்கொள்வதுபோல இருக்கிறது என்று பக்கத்துக் கடைக்காரி கேலி செய்தாள்.

என் வீட்டுக்காரருக்கும் ஒன்று வாங்கித் தருவதாக மகன் சொன்னான். "எனுக்கு வேணாம் நைனா. நடுக்கடல்ல சினிமாவா பாக்கப்போறேன்?" என்று சொல்லிவிட்டு, அவர் தன் பழைய பட்டன் போனையே பாலிதீன் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு எடுத்துப் போனார்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் இருக்கிற ஆளைக் கரையிலிருந்து கூப்பிட மாட்டோம். வலை கையில் இருக்கும்போது கவனம் சிதறக்கூடாது. அவர்களும் கரை ஏறிய பிறகுதான் கூப்பிடுவார்கள், இன்ன மீன் பட்டது, ஏலத்துக்கு வா என்று. அதனால் ஆள் கடலில் இருக்கிற நேரத்தில் போன் வந்தால் அது நல்லதுக்கு இல்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலையிலிருந்தே தூறல். வாடைக்காற்றும் சேர்ந்துகொண்டது. என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் பைபர் படகில் போயிருந்தார்கள். கடலோரக் கோட்டை இருக்கிற எங்கள் சதுரங்கப்பட்டினத்திலிருந்து அணுமின் நிலைய டவுன்ஷிப் போகிற ரோட்டோரத்தில் நாங்கள் நாலைந்து பேர் வழக்கம்போலக் கடை போட்டிருந்தோம். டவுன்ஷிப்பில் குடியிருக்கிற ஒரு சாருக்கு நான் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு தனி ரகம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். வெளுத்த சட்டை. மீன் தண்ணீர் மேலே தெறித்துவிடும் என்று எட்டியே நிற்பார், கைக்குட்டை மூக்கை விட்டு இறங்காது. "தலையை எடுத்துட்டு எடை போடுங்கம்மா" என்று அன்றைக்கும் ஆரம்பித்தார். "தலை இல்லாம இந்த மீனு எப்படி சார் கரைக்கு வந்துச்சு?" என்று நானும் வழக்கம்போலத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்போதுதான் கழுத்தில் போன் அடித்தது.

குனிந்து பார்த்தேன். என் வீட்டுக்காரர் முகம். மகன் அந்தப் போட்டோவை வைத்துக் கொடுத்திருந்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் திரும்பி வருகிற நேரமே அது இல்லை.

கத்தியைப் போட்டுவிட்டுப் பச்சை வட்டத்தை மேலே தள்ளினேன். நகரவில்லை. விரலைப் புடவையில் துடைத்தேன், புடவையும் நனைந்திருந்தது. மறுபடி தள்ளினேன். உறைமேல் செதிலும் தண்ணீரும் பரவியதுதான் மிச்சம். தூறலில் ஒரு சொட்டு விழுந்து சிவப்பு வட்டத்தின் மேல் வழிந்தது. நான் தொடாமலேயே அழைப்பு கட் ஆனது.

திருப்பிக் கூப்பிடலாம் என்றால் பூட்டைத் திறக்க விரலை வை என்றது. வைத்தேன். மறுபடி வை என்றது. இது யார் கை என்று அந்தப் பாவி போனுக்குத் தெரியவில்லை.

"கடல்லேர்ந்து அடிக்கறாருடி!" என்று கத்தினேன். எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். போன் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு மறுபடியும் அடித்தது, மறுபடியும் அவர் சிரித்தார்.

"குடுக்கா, நான் பாக்கறேன்" என்று ஒருத்தி பிடுங்கித் தேய்த்தாள். அவள் கையெல்லாம் கணவாய் மை. இன்னொருத்தி முழங்கையால் தள்ளினாள். "மூக்கால தொடுக்கா, மூக்கால!" என்று ஒரு குரல் வந்தது. அதையும் செய்தேன், என் மூக்கிலும் மழைத் தண்ணீர். அத்தனை பேர் நின்றோம், காய்ந்த விரல் ஒன்றுகூட இல்லை. பக்கவாட்டில் பட்டன் என்று இருந்த ஒன்றிரண்டையும் உறைக்கு மேலேயே வெறியோடு அமுக்கினேன். மணிச்சத்தம் நின்றுபோனது. முகம் மட்டும் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கைக்குட்டை கண்ணில் பட்டது.

மீன் ரத்தம் சொட்டச் சொட்டப் போனை அந்தச் சாருடைய நெஞ்சுக்கு நேராக நீட்டினேன். அவர் பயந்து பின்னால் போனார். "சார், தொடு சார்! பச்சைய மேல தள்ளு சார்! எங்க வூட்டுக்காரரு கடல்ல கீறாரு சார்!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். கைக்குட்டையால் உறையை ஒரே துடைப்பாகத் துடைத்தார், விரலால் தள்ளினார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார்.

முதலில் அலைச்சத்தம்தான் வந்தது. பிறகு என் வீட்டுக்காரர் குரல்.

"படகு கவுந்துகீது... நானும் தம்பியும் அத்தப் புடிச்சிகினு கீறோம்... கோட்டைக்கு நேரா... தெக்கால இழுத்துகினு போவுது... ஆள அனுப்பு..."

"தம்பிக்கு இன்னாய்யா ஆச்சு? பேசச் சொல்லுய்யா!" என்று கத்தினேன். பதில் வருவதற்குள் லைன் போய்விட்டது.

"அடுத்து யாரைக் கூப்பிடணுங்கம்மா, பேரைச் சொல்லுங்க" என்றார் சார். என் அண்ணனுக்குச் சொந்தப் படகு உண்டு, அந்த நேரத்தில் கரையில்தான் இருப்பான். பூட்டைத் திறக்கிற எண்ணை நான் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். "அண்ணன்" என்று இருப்பதைத் தேடிப் பிடித்து என் வாய்க்கு நேராகப் போனை நீட்டினார். கோட்டைக்கு நேரே, தெற்கே இழுக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் பக்கத்தில் இருந்தவர்களைக் கூவி அழைப்பது கேட்டது.

சார் என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனார். அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது இறங்கின பிறகுதான் தெரிந்தது. முதுகெல்லாம் மீன் ரத்தம்.

கரையில் நின்ற நேரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனின் படகு அலைக்கு மேலே ஒரு தடவை தெரியும், பிறகு தெரியாது. கொழுந்தனார் மனைவிக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை, சொல்லப்போகிறவள் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கும்பிடுகிற சாமியையெல்லாம் வைதேன்.

படகு திரும்பி வந்தபோது முதலில் ஆளை எண்ணினேன். தார்ப்பாய்க்குள் இரண்டு பேர் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். ஓடிப்போய் என் வீட்டுக்காரர் நெஞ்சிலேயே குத்தினேன். அழுகை வந்தது, வாயில் வசவுதான் வந்தது.

சாயங்காலம் சோறு போட்டு உட்கார்ந்தபோது கேட்டேன்.

"கரையில எங்கண்ணன் இருந்தான்ல, படகோட. அவனுக்கு அடிக்காம எனுக்கு எதுக்குயா அடிச்ச? எங்கிட்ட படகா கீது?"

"கண்ணெல்லாம் உப்புத்தண்ணி. ஒண்ணும் தெர்ல" என்றார். "ஒரு கையி படகுல கீது. ரெண்டாம் நம்பர அமுக்கிப் புடிச்சா உனுக்குப் போவும், அது பாக்காமலே வரும். மத்தவங்களுக்கெல்லாம் பாத்துதான் அடிக்கணும்."

நான் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். பிறகு, மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன். "மொத தபா கட் ஆச்சே. அப்ப இன்னா நெனச்ச?"

"யாவாரத்துல கீறன்னு நெனச்சேன். கொஞ்சம் பொறுத்து அடிப்போம்னு இருந்தேன்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. குழம்பு ஊற்று என்று தட்டைத் தள்ளினார். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு, என் வியாபாரம் கெட்டுவிடக் கூடாது என்று இந்த மனுஷன் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். கரண்டி நிறைய அள்ளி, அவர் போதும் என்ற பிறகும் ஊற்றினேன்.