சூளைக்குள் இருந்து வந்த பதில்

இது நடந்தது. நடந்திருக்காது என்பவர்கள் ஜெனிபர் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பேசிப் பார்க்காதவர்கள்.

2006, மாசி மகம். விருத்தாசலமே கோயில் பக்கம் திரண்டிருந்தது. ஊருக்கு வெளியே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் இரண்டு பெண்கள் மட்டும் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெனிபரும் அவள் தோழி அனிஷாவும். பீங்கான் பிரிவு, இரண்டாம் ஆண்டு.

அங்கே உட்கார்ந்து படிக்க இடம் கிடையாது. நூலகத்தில் இருந்த கொஞ்ச நாற்காலிகளையும் பையன்கள் காலையிலேயே கைக்குட்டை போட்டுப் பிடித்துவிடுவார்கள். விடுதிப் பெண்களுக்கு மாடிப்படிதான். பின்பக்கம் ஒரு பழைய வட்டச் சூளை சும்மா கிடந்தது. ஒரு வீட்டளவு பெரியது; முன்னும் பின்னும் வாசல். அதைப் படிப்பறையாக்கித் தரச் சொல்லி ஜெனிபர் ஒரு வருஷம் முதல்வரின் அறை வாசலில் நின்றாள்.

கடைசியில் முதல்வர் இறங்கி வந்தார். ஒரே நிபந்தனை. பின்வாசலை அடைக்க வேண்டும். பெண்கள் புழங்கும் இடத்துக்கு ஒரு வாசல் போதும். நாளை நிர்வாகத்தினர் பார்க்க வருகிறார்கள். அடைக்காவிட்டால் அறை கிடையாது.

கொத்தனாரோ திருவிழாவுக்குப் போய்விட்டார். அதனால் என்ன? சூளை வாசலைச் செங்கல் வைத்து அடைப்பது இவர்களுக்குப் பாடம்தானே!

பகல் பன்னிரண்டேகால். மேல்வரிசை மட்டும் பாக்கி.

சூளையை மூடுமுன் உள்ளே மூன்று முறை குரல் கொடுப்பது அங்கே வழக்கம். ஜெனிபர் விளையாட்டாகத்தான் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். இல்லை.

மூன்றாவது முறை...

"இருக்கேங்க்கா."

"எந்தக் குரங்குடி அது?" அனிஷா சிரித்தாள்.

ஜெனிபர் முன்வாசல் வழியாக ஓடிப் போய்ப் பார்த்தாள். காலி. ஒளிய ஒரு மேஜைகூட வந்திறங்கவில்லை. ஆனால் சுவரைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டாள். சுட்டது. வருஷக்கணக்கில் நெருப்பே காணாத சூளை.

திரும்பி வந்தாள். இடைவெளியில் மீண்டும்...

"வழி உடுக்கா... மூச்சு முட்டுது."

அனிஷா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம்டி. வந்துடு, போயிடலாம்."

"நாளைக்கு அவங்க வராங்கடி."

"ஏய், பேசுதுடி!"

"பேசட்டும். நாம எங்கடி உக்காந்து படிக்கிறது?"

செங்கல்லை வைத்தாள். உள்ளிருந்து யாரோ தள்ளினார்கள். தோளைக் கொடுத்து அழுத்தினாள்.

"அக்கா..."

கடைசிச் செங்கல்.

குரல் நின்றது.

அறை கிடைத்தது. நாற்பது பெண்கள் படித்தார்கள். ஆனாலும் ஜெனிபருக்கு மனசு அடங்கவில்லை. முன்பு அந்தச் சூளையில் நெருப்பு போட்ட ராஜமாணிக்கத்தைத் தேடிப் போய்க் கேட்டாள்.

"அதுலயா? ஒரு கோழிகூடச் சாவலம்மா."

அதன்பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஜூனில் முதலாண்டுப் பெண்கள் வந்தார்கள். கம்மாபுரத்திலிருந்து கனகா என்று ஒருத்தி. பயந்த பெண். படிப்பறை வாசலில் தயங்கி நின்றாள்.

"இங்க உக்காரலாங்களாக்கா?"

அதே குரல்.

ஜெனிபரின் பேனா கீழே விழுந்தது. "நீ இங்க வராத. வந்தன்னா காலை ஒடச்சிடுவேன். போ!"

கனகா அழுதுகொண்டே ஓடினாள். முதல்வர் ஜெனிபரைக் கூப்பிட்டனுப்பினார். "சின்னப் பொண்ணை ராகிங் பண்றியா?" அன்றோடு ஜெனிபர் அந்த அறைப் பக்கமே போகக் கூடாது என்றாகிவிட்டது. கனகா தினமும் போனாள்.

செப்டம்பர். நல்ல பகல். முன்வாசலை ஒட்டியிருந்த மின்பெட்டி வெடித்தது. திரை எரிந்தது... மேஜை எரிந்தது. முன்னால் இருந்தவர்கள் வெளியே பாய்ந்தார்கள்.

கனகா பின்கோடியில்.

ஜெனிபர் கடப்பாரையோடு பின்சுவருக்கு ஓடினாள்.

"கனகா! இருக்கியா?"

"இருக்கேங்க்கா!"

குத்தினாள். வழுக்கியது.

"வழி உடுக்கா... மூச்சு..."

குத்தினாள்.

பிறகு உள்ளே சத்தமே இல்லை.

அந்தச் சுவரைத் தீயணைப்புக்காரர்கள்தான் கடைசியில் உடைத்தார்கள். அவர்களுக்கே மூச்சு வாங்கியது. ஒருவர் வியர்வையை வழித்துவிட்டு, பக்கத்தில் நின்ற ஜெனிபரிடம் கேட்டார்.

"கெட்டி வேலைம்மா. கொத்தனாரு யாரு?"