முந்நூறு கஜத்துக் கோடு

எனக்குக் கை சும்மா இருக்காது. பேனா மூடி, சட்டைப் பொத்தான், எதையாவது திருகிக்கொண்டே இருப்பேன். "பதறாத காரியம் சிதறாது" என்று என்னிடம் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. சொலவடை என்றால் எனக்கு உயிர். கேட்டவுடன் குறித்துக்கொள்வேன். கடைப்பிடிப்பது வேறு விஷயம்.

இங்கே டெக்சாஸில் எனக்கொரு டாக்டர் நண்பர், பாளையங்கோட்டைக்காரர். தெரிந்தவரின் பண்ணையில் பயிரை உழுது போடும் காட்டுப்பன்றிகளைச் சுடப் போவார். நானும் வருகிறேன் என்று நச்சரித்ததில் ஒருவழியாக ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"முன்னூறு யார்டுல பத்து இஞ்ச் இரும்புத் தட்டு. மொத மூணு குண்டும் அதுல விழணும். அரகொறயா அடிபட்ட பன்னி புதருக்குள்ள கெடந்து ரெண்டு நாள் துடிக்கும்வே, அந்தப் பாவம் நமக்கு வேண்டாம். நான் வந்து பாக்க மாட்டேன், உம்ம வாய்ச்சொல் போதும். விழலன்னா துப்பாக்கி வேண்டாம், கறி போடுத ஐஸ் பெட்டி தூக்க வாரும்."

சனிக்கிழமை காலையே மனைவியோடு சுடும் மைதானத்துக்குப் போய்விட்டேன். முந்தின இரவு தூக்கமே இல்லை.

தூரம் போகப்போகக் குண்டு தாழும். அதற்காகத் துப்பாக்கி மேல் மாட்டிய என் ஸ்கோப்பில் நடுக்குறிக்குக் கீழே ஏணிப்படி போலச் சின்னக் கோடுகள் உண்டு. நடுக்குறி நூறு கஜத்துக்கு. அடுத்த கோடு இருநூறு, அதற்கடுத்தது முந்நூறு. உரிய கோட்டைத் தட்டின் மேல் வைத்துச் சுட்டால் போதும். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றதுதான். நூறு கஜத்தில் காகிதத்தின் நடுவில் ஓட்டை போட்டேன். நெஞ்சு நிமிர்ந்தது.

முந்நூறு கஜத்துக்குத் திரும்பினால், வெயிலில் தரை கொதித்தது. தட்டு தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தது. போன் கேமராவில் படம் ஆடினால் என்ன செய்வோம்? ஜூமைக் குறைப்போம். ஸ்கோப்பின் ஜூம் வளையத்தைப் பாதிக்குத் திருகினேன். படம் அடங்கியது. சுட்டேன்.

தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "மேல போச்சு" என்றாள்.

துப்பாக்கிக் கால்களின் திருகை இறுக்கினேன். மேலே. நாற்காலியை நகர்த்தினேன். மேலே. தோட்டாப் பெட்டியை மாற்றினேன். மறுபடியும் மேலே.

"இந்த பேட்ச் தோட்டாவே சரியில்ல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஏங்க, அந்த ரிங்க எதுக்கு ஒவ்வொரு வாட்டியும் தடவிப் பாக்கறீங்க? காலையில அது வேற நம்பர்ல இல்ல இருந்துச்சு?"

வளையத்தின் எண்ணைப் பார்த்தேன். ஜூமைக் குறைத்தால் என் ஸ்கோப்பில் தட்டு சிறுக்கும், ஏணி சிறுக்காது; கோட்டைத் தட்டில் வைத்தால் துப்பாக்கி தேவைக்கு மேல் நிமிர்ந்துவிடும். முழு ஜூமில் மட்டுமே முந்நூறு கஜத்துக் கோடு முந்நூறு கஜத்துக்கானது. அந்த வீடியோவிலேயே சொல்லியிருந்தார்கள். நான்தான் பொறுமையில்லாமல் ஓட்டிப் பார்த்திருந்தேன்.

வளையத்தை முழுக்கத் திருப்பினேன். தட்டு நெளிந்தது. நெளியட்டும். டங். டங். கை வளையத்துக்குப் போனது. மனைவி பட்டென்று அடித்தாள். டங்.

திரும்பும்போது மனைவிதான் ஓட்டினாள். பாதி வழியில் டாக்டரின் அழைப்பு காரின் ஸ்பீக்கரில் ஒலித்தது.

"என்னவே, எத்தன?"

"மூணு விழுந்துச்சு டாக்டர். வரிசையா."

"மொத மூணா?"

மனைவி என்னைப் பார்க்கவில்லை, சாலையைத்தான் பார்த்தாள். ஆமாம் என்றால் முடிந்துபோகும், யாருக்குத் தெரியப்போகிறது? அவர் சொன்ன புதர் நினைவுக்கு வந்தது.

"இல்ல. அஞ்சாவதுலேர்ந்து. ஜூம குறைச்சுட்டேன்."

டாக்டர் சிரித்தார். "பன்னி அஞ்சாவது குண்டு வரைக்கும் நிக்குமாவே? பெட்டி கனமா இருக்கும், காலையில நல்லா சாப்ட்டுட்டு வாரும்."

அழைப்பு முடிந்தது. மனைவி என் கையைக் காட்டினாள். ஏசியின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"அதையாவது விடுங்க. குளிருது."